எங்கள் கவுண்டிக்கு வந்த ஓபியாய்டு செட்டில்மென்ட் பணம்: சிறைக்கு ஸ்கேனர் வாங்கலாமா?

வடகரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வட கரோலினாவில் 11 வருடமாக இருக்கிறேன். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கமிஷனர்கள் கூட்டம் என்று ஒன்று நடப்பதையே போன மாதம்தான் முதல்முறை நேரில் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி நிலத்தில் கிடங்கு கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். அதை எதிர்த்துப் பேசத் தெருக்காரர்கள் எட்டுப் பேர் போயிருந்தோம். எங்கள் முறை வருவதற்குள், விவாதமே இல்லாமல் மொத்தமாகக் கையைத் தூக்கி நிறைவேற்றும் ஒரு பட்டியலை வாசித்தார்கள். பதினைந்து விஷயம் இருக்கும். அதில் ஒன்று: ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) வழக்குச் செட்டில்மென்ட் நிதியிலிருந்து ஷெரிஃப் (கவுண்டியின் காவல் தலைவர்) அலுவலகத்துக்கு, சிறையில் வைக்க ஓர் உடல் ஸ்கேனர், கூடவே ஒரு வண்டி. முழுப் பட்டியலும் ஒரே நிமிடத்தில் முடிந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எங்கள் தெருவின் கடைசி வீடு. முதுகுவலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையில் தொடங்கி மகனைப் பறிகொடுத்தவர். "வண்டியா?" என்று மட்டும் கேட்டார். மேடையைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, யார் பங்கு பிரிக்கிறார்கள், யார் கணக்குக் கேட்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்துக்கடை

ஒஹாயோவில் மருந்தாளுநராக இருக்கிறேன், அதனால் இந்தக் கதை பாதி எங்கள் வீட்டுக் கதை.

சுருக்கமாக: வலி மாத்திரைகளைப் பொய் சொல்லி விற்றார்கள், கண்ணை மூடிக்கொண்டு லாரி லாரியாக அனுப்பினார்கள் என்று மாநிலங்களும் ஊராட்சிகளும் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டன. மத்திய நீதிமன்றங்களில் போட்டவற்றை 2017 டிசம்பரில் கிளீவ்லாந்தில் நீதிபதி டான் போல்ஸ்டரிடம் ஒன்றாகச் சேர்த்தார்கள். 2021 ஜூலையில் பெரிய உடன்பாடு அறிவிக்கப்பட்டது. மெக்கெஸன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் ஆகிய மூன்று விநியோக நிறுவனங்கள் 18 வருடத்தில் 2,100 கோடி டாலர் வரை, ஜான்சன் அண்ட் ஜான்சன் 500 கோடி வரை. அப்புறம் டெவா, அலர்கன், சிவிஎஸ், வால்கிரீன்ஸ், வால்மார்ட் எல்லாம் வரிசையாக வந்தன. மொத்தம் 5,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

எவ்வளவு மாத்திரை என்று தெரிந்தால்தான் இந்தத் தொகை புரியும். மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்று ஒரு ஊர், சுமார் 400 பேர். அங்கே ஒரே ஒரு மருந்துக்கடைக்கு இரண்டு வருடத்தில் 90 லட்சம் ஹைட்ரோகோடோன் (ஓபியாய்டு வகை) வலி மாத்திரை போயிருக்கிறது. நான் ஒரு கடை நடத்தினால் அந்த எண்ணிக்கையை வைக்க அலமாரி கிடையாது.

பணத்தைச் செலவழிக்கும் விதி என்று பார்த்தால், குறைந்தது 85 சதவீதம் சிகிச்சைக்குப் போக வேண்டும். ஸ்கேனர் சிகிச்சை இல்லை. அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை

ஒரு திருத்தம். 85 சதவீதம் "சிகிச்சைக்கு" இல்லை, "பாதிப்பைச் சீர்செய்ய". இந்த ஒரு சொல்லில்தான் எல்லா வண்டியும் நுழைகிறது.

உடன்பாட்டோடு ஒரு நீண்ட பட்டியல் இணைத்திருக்கிறார்கள். அளவு மீறியவரை எழுப்பும் நலாக்சோன், பழக்கத்திலிருந்து மீட்க மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின் போன்ற மருந்துச் சிகிச்சை, கர்ப்பிணிகளுக்கான உதவி, சிறையில் இருப்பவர்களுக்குச் சிகிச்சை, ஊசி மாற்றித் தரும் மையங்கள் என்று முதல் பாகம் நன்றாகவே இருக்கும். இரண்டாம் பாகம் மிக நீளம். அதில் காவலர், தீயணைப்பு வீரர் போன்ற முதல் உதவிக்கு வருபவர்களுக்கும் ஓர் இடம் உண்டு. பட்டியலில் இருப்பது மட்டும்தான் என்றும் இல்லை. அதைப் போன்ற வேறு செலவும் ஆகலாம். ஆக, எழுதுகிறவர் கெட்டிக்காரராக இருந்தால் எதையும் அதற்குள் அடக்கிவிடலாம்.

இன்னொன்று, இதுதான் எனக்கு ஜீரணமே ஆகாதது. தேசிய உடன்பாட்டின்படி, சீர்செய்வதற்கு அல்லாத செலவைத்தான் அறிவிக்க வேண்டும். அதாவது அதிகபட்சம் அந்த 15 சதவீதம். மீதி 85-ஐ எதற்குச் செலவழித்தாய் என்று தேசிய அளவில் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கும் வேலையை ஒவ்வொரு மாநிலத்துக்கும் விட்டுவிட்டார்கள். சில மாநிலங்கள் கேட்கின்றன, சில கேட்பதில்லை.

சந்தேகராமன்

உடன்பாடு நிறுவனங்களுக்கும் அரசுகளுக்கும் நடுவில். அரசு தப்பாகச் செலவழித்தால் நிறுவனம் வந்து வழக்குப் போடுமா? அவனுக்கு என்ன வந்தது, காசு கொடுத்தோம், தலைமுழுகினோம் என்று இருப்பான். பிள்ளையை இழந்தவர்கள் இதில் ஒரு தரப்பே இல்லை. செத்தவன் பெயரில் வாங்கிய பணத்துக்குச் செத்தவன் வீட்டில் கேள்வி கேட்க உரிமை இல்லை.

நேராக அந்தக் குடும்பங்களுக்கே கொடுத்திருக்கலாமே?

மருந்துக்கடை

கணக்குப்பிள்ளை, திருத்தம் சரி. ஒத்துக்கொள்கிறேன்.

சந்தேகராமன், குடும்பங்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு, ஆக்சிகான்டின் என்ற வலி மாத்திரையைத் தயாரித்த பர்டூ நிறுவனத்தின் திவால் வழக்கில் இருக்கிறது. அதன் உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்துக்கு வழக்குகளிலிருந்து நிரந்தரப் பாதுகாப்பு கொடுத்த பழைய திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் 5-4 என்று தள்ளியது. புதிய திட்டம் 740 கோடி டாலர். 2025 நவம்பரில் திவால் நீதிபதி ஒப்புதல் கொடுத்தார். அதில் தனிநபர்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் ஆளுக்கு 8,000 டாலர் அல்லது 16,000 டாலர், அதிலும் வக்கீல் கட்டணம் கழியும். ஆக்சிகான்டின் எழுதிக் கொடுத்ததற்கு மருத்துவச் சீட்டும் காட்ட வேண்டும். இருபது வருடத்துக்கு முந்தைய சீட்டு யாரிடம் இருக்கும்? நாங்களே அத்தனை வருடம் வைத்திருப்பதில்லை.

கணக்குப்பிள்ளை

அரசிடம் கொடுத்ததற்கு நியாயம் ஒன்று உண்டு: இழப்பீடாகப் பிரித்தால் ஆளுக்குச் சில ஆயிரம், சிகிச்சை மையம் ஒன்றுகூட வராது. இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் மையம் வந்ததா என்று யாராவது பார்க்க வேண்டுமே.

இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1998-இல் சிகரெட் நிறுவனங்கள் 46 மாநிலங்களோடு செய்த உடன்பாடு. முதல் 25 வருடத்துக்கு 20,600 கோடி டாலர் என்று கணக்கு. எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லை. சாலை போட்டார்கள், பட்ஜெட் ஓட்டையை அடைத்தார்கள், வரப்போகும் தவணைகளை அடகுவைத்துக் கடன்பத்திரம் விற்றார்கள். நியூயார்க் மாநிலத்தின் நயாகரா கவுண்டியில் கோல்ஃப் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் போட்டது தனிக் கதை. இன்று மாநிலங்களுக்குப் புகையிலையால் வரும் வருமானத்தில் புகைப்பழக்கத்தைத் தடுக்கப் போவது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அந்த அவமானத்தால்தான் இந்த முறை 85 சதவீத விதியையே போட்டார்கள்.

ஸ்காபரோ சிவா

ஓம், இங்கே கனடாவில் புகையிலைக் கணக்கு 2025 மார்ச்சில்தான் முடிந்தது. 3,250 கோடி கனடா டாலர். அதில் பெரும்பங்கு, ஏறத்தாழ 2,470 கோடி, மாகாணங்களுக்கு. புகைப்பழக்கத்தைத் தடுக்கத்தான் செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. நோய் கண்டறிதல், ஆராய்ச்சி என்று ஒரு அறக்கட்டளைக்கு 100 கோடி. உங்கள் ஆட்கள் 1998-இல் செய்த பிழையை எங்கள் ஆட்கள் ஆறுதலாகக் காத்திருந்து செய்கிறார்கள்.

ஓபியாய்டு பக்கம் பர்டூ கனடா 2022-இல் 15 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது. மற்ற நிறுவனங்களோடு பிரிட்டிஷ் கொலம்பியா இன்னும் நீதிமன்றத்தில்.

மலையோரம்

ஏழு வருடமாக மேற்கு வர்ஜீனியாவில் அவசரப் பிரிவு நர்ஸ். பெரும்பாலும் இரவுப் பணி. சதவீதக் கணக்கு எனக்குத் தெரியாது, அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

போதை மருந்து அளவு மீறிப் போன ஒருவர் வருகிறார். நலாக்சோன் கொடுத்து எழுப்புகிறோம். எழுந்தவுடன் உடம்பெல்லாம் முறுக்கும், வாந்தி, நடுக்கம், கோபம். அந்த நேரத்தில் பியூப்ரெனார்ஃபின் கொடுத்தால் அடங்கும். அடங்கியபின் அவரே "இனி வேண்டாம், எங்காவது சேர்த்துவிடுங்கள்" என்பார். எல்லோரும் இல்லை, ஆனால் நான் பார்த்தவரை நிறையப் பேர். விடியற்காலை நாலு மணிக்குச் சொல்வார்கள். அந்த வார்த்தைக்கு ஆயுள் ஆறேழு மணி நேரம். எங்களிடம் மூன்று நாளுக்கு மாத்திரை கொடுக்க முடியும். மருத்துவமனைக்கு வெளியே முதல் இடம் கிடைக்க ஒன்பது நாள். நடுவில் உள்ள ஆறு நாளுக்கு யார் பொறுப்பு?

போன குளிர்காலத்தில் ஒரே பையனை ஒரே மாதத்தில் மூன்று முறை எழுப்பினோம். நாலாவது முறை எங்களிடம் கொண்டுவரவில்லை.

எங்களுக்கு வேண்டியது அந்த நாலு மணிக்கு ஃபோனை எடுக்க ஓர் ஆள். தானே பழக்கத்திலிருந்து மீண்டு வந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. நோயாளி அவர் பேச்சைத்தான் கேட்பார், எங்கள் பேச்சை இல்லை. வண்டி என்று வாங்கினால்கூட, அவரை ஏற்றிக்கொண்டு மையத்துக்குப் போக ஒரு வண்டி வாங்குங்கள். அது பட்டியலுக்குள் வரும் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் மாநிலத்தில் பணத்தின் 72.5 சதவீதம் இதற்காகவே தொடங்கிய தனி அறக்கட்டளைக்குப் போகிறது, 24.5 ஊர்களுக்கு, 3 அட்டர்னி ஜெனரலுக்கு (மாநில அரசின் தலைமை வக்கீல்).

மருந்துக்கடை

எங்கள் ஒஹாயோவிலும் அறக்கட்டளைதான்: 55 சதவீதம் அறக்கட்டளைக்கு, 30 ஊர்களுக்கு, 15 மாநிலத்துக்கு. அறக்கட்டளை என்றால் அரசியல்வாதி கை படாது என்பார்கள். ஆனால் தகவல் கேட்டபோது "நாங்கள் தனியார், ஆவணம் காட்டத் தேவையில்லை" என்றார்கள். ஒரு தன்னார்வ அமைப்பு ஒஹாயோ உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 மே மாதம் காட்டத்தான் வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதே வருடம் பட்ஜெட் மசோதாவோடு சேர்த்துச் சட்டத்தை மாற்றி, பொது ஆவணச் சட்டத்திலிருந்து அந்த அறக்கட்டளையை விலக்கிவிட்டார்கள்.

பழனிவேல்_கென்டக்கி

எங்கள் ஆட்கள் 2023-இல் 4.2 கோடி டாலரை ஐபோகெய்ன் என்ற மனமயக்க மருந்து ஆராய்ச்சிக்கு ஒதுக்கலாம் என்று கிளம்பினார்கள். அமெரிக்காவில் தடை செய்யப்பட்ட பொருள், இதயத்துக்கு ஆபத்து. புதிய அட்டர்னி ஜெனரல் வந்ததும் கைவிட்டார்கள். ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஊரில் படுக்கை இல்லாதபோது அதற்குப் போனதுதான் இடித்தது.

கணக்குப்பிள்ளை

நான் நியூ ஜெர்சி. எங்கள் மானம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். இர்விங்டன் டவுன்ஷிப் ஓபியாய்டு விழிப்புணர்வு என்ற பெயரில் இரண்டு இசை நிகழ்ச்சிகளுக்கு 6,32,000 டாலர் செலவழித்ததாக மாநிலக் கணக்காயர் 2025 ஜூலையில் அறிக்கை விட்டார். பாப்கார்ன், பஞ்சு மிட்டாய் இயந்திரங்கள்கூடக் கணக்கில் இருந்தன. டவுன்ஷிப் தரப்பு இதை மறுக்கிறது, செலவு விதிக்கு உட்பட்டதுதான் என்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் பஞ்சு மிட்டாய் சின்ன விஷயம். பார்த்தவுடன் சிரிப்பு வருகிறது, செய்தியாகிறது, மாட்டிக்கொள்கிறார்கள்.

பெரிய தொகை சத்தமில்லாமல் போகும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. மாமா அரிசி வாங்க ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார். நீங்கள் நேர்மையாக அரிசியே வாங்குகிறீர்கள், ரசீதும் காட்டுகிறீர்கள். ஆனால் வழக்கமாக அரிசிக்கு வைத்திருந்த உங்கள் ஆயிரத்தை எடுத்து டிவி வாங்கிவிட்டீர்கள். வீட்டில் அரிசி ஒரு படிகூடக் கூடவில்லை. மாமா பணத்தில் எந்தத் தப்பும் கண்டுபிடிக்க முடியாது.

கவுண்டி ஏற்கனவே நடத்திக்கொண்டிருந்த சிகிச்சைத் திட்டத்தின் சம்பளத்தை செட்டில்மென்ட் கணக்குக்கு மாற்றிவிட்டால் இதேதான். நியூயார்க் மாதிரி சில மாநிலங்கள் இதைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கின்றன. பல மாநிலங்களில் தடை இல்லை. டென்னசியில் கிரீன் கவுண்டி தனக்கு வந்த 27 லட்சம் டாலரில் 24 லட்சத்தைப் பழைய கடனை அடைக்கவே கொடுத்தது, ஒளிவுமறைவு இல்லாமல். எங்கள் மாநில பட்ஜெட்டில் 2025-இல் செட்டில்மென்ட் பணத்திலிருந்து 4.5 கோடி டாலரை நான்கு பெரிய மருத்துவமனைக் குழுமங்களுக்குத் திருப்பினார்கள். எங்கள் அட்டர்னி ஜெனரலே வெளிப்படையாக எதிர்த்தார். மெடிகெய்டில் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) மத்திய அரசு வெட்டுவதால் மருத்துவமனைகளுக்குக் கஷ்டம் என்பது அவர்கள் சொன்ன காரணம். இனி ஒவ்வொரு வருடமும் அந்தக் காரணம் தயாராக இருக்கும்.

வடகரை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக உட்கார்ந்து படித்தேன். வட கரோலினா விதிகள் மற்ற மாநிலங்களைவிடக் கொஞ்சம் உருப்படி. 2038 வரை சுமார் 150 கோடி டாலர் வரும். 15 சதவீதம் மாநிலத்துக்கு, 85 உள்ளூர் அரசுகளுக்கு. கவுண்டி அதைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். 12 உத்திகள் கொண்ட ஒரு குறும்பட்டியல் இருக்கிறது, அதிலிருந்து எடுத்தால் நேராகச் செலவழிக்கலாம். அதற்கு வெளியே போனால் ஊர்மக்களைக் கூட்டித் திட்டம் தயாரித்த பிறகுதான். ஒவ்வொரு செலவுக்கும் எந்த உத்தி, எவ்வளவு, எந்தக் காலத்துக்கு என்று தீர்மானம் போட வேண்டும். எல்லாம் மாநிலத்தின் இணையப் பலகையிலும் ஏற வேண்டும்.

எங்கள் கவுண்டியின் தீர்மானத்தைத் தேடி எடுத்தேன். ஸ்கேனரும் வண்டியும் எந்த உத்தியின் கீழ் தெரியுமா? "சிறையில் இருப்பவர்களுக்குப் போதைப்பழக்கச் சிகிச்சை."

சிறை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். இங்கே பியூப்ரெனார்ஃபின் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். வெளியிலிருந்து ஏற்கனவே எடுத்துக்கொண்டு வரும் கர்ப்பிணிகளுக்கு மட்டும் என்றார்கள்.

கணக்குப்பிள்ளை

அடேயப்பா. தீர்மானத்தின் நகலைப் பத்திரமாக வையுங்கள்.

குறுக்கே_ஒருவன்

எதிர்ப்பக்கமும் பேசட்டுமா? ஸ்கேனர் இருந்தால் ஃபென்டனில் (மிக வீரியமான ஓபியாய்டு) உள்ளே வராது, சிறைக்குள் சாவு குறையும். ஷெரிஃபை வில்லனாக்குவது சுலபம். ராத்திரி இரண்டு மணிக்கு முதலில் போய் நலாக்சோன் அடிப்பவர்களும் அவர்கள்தான்.

மலையோரம்

ஷெரிஃப் வில்லன் இல்லை. எங்கள் ஊர் டெபுட்டி (ஷெரிஃபின் கீழ் உள்ள காவலர்) ஒருவர் தன் கைக்காசில் நலாக்சோன் வாங்கி வண்டியில் வைத்திருந்தவர். இரண்டு டோஸ் பெட்டி அப்போது சுமார் 45 டாலர். ஆனால் ஸ்கேனர் பணமும் மருந்துப் பணமும் ஒன்றில்லை. சிறையில் இருக்கும்போது உடம்பின் தாங்கும் சக்தி போய்விடும். வெளியே வந்து பழைய அளவையே எடுப்பார்கள். முதல் இரண்டு வாரம்தான் எமன். உங்கள் வட கரோலினாவிலேயே நடந்த ஆய்வில், விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் ஓபியாய்டு அளவு மீறி இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 40 மடங்கு என்று வந்தது. ஸ்கேனர் உள்ளே இருக்கும்வரைதான் காக்கும். உள்ளேயே மருந்து தொடங்கி, வெளியே வரும் நாளில் மறுநாளைக்கு டாக்டர் சந்திப்பும் எழுதிக் கொடுத்தால் அந்தப் பதினாலு நாளைத் தாண்டலாம்.

குறுக்கே_ஒருவன்

சரி, அது நியாயம். ஸ்கேனரை ஷெரிஃபின் வழக்கமான பட்ஜெட்டில் வாங்கட்டும் என்கிறீர்கள்.

மலையோரம்

அதேதான்.

சந்தேகராமன்

சாவு குறைந்துவிட்டதே, இனி எதற்கு இவ்வளவு பணம் என்று அடுத்து ஆரம்பிப்பார்கள், பாருங்கள். 2022-இல் நாடு முழுக்க எல்லாப் போதைப்பொருளும் சேர்த்து அளவு மீறி இறந்தவர்கள் சுமார் 1,08,000. 2024-இல் சுமார் 80,000. குறைந்ததுதான். 80,000 என்பது இன்னமும் ஒரு சின்ன நகரம்.

கணக்குப்பிள்ளை

வடகரை, அடுத்த கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரம் இருக்கும், ஆளுக்கு மூன்று நிமிடம் மாதிரி. போதைப்பொருள் கொடுமை, சமுதாயம் என்றெல்லாம் பேசாதீர்கள். தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: "இந்தச் செலவு எந்த உத்தியின் கீழ், அந்த உத்தியில் சிகிச்சை பெறப்போகிறவர் எத்தனை பேர்?" எழுத்தில் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். முடிந்தால் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

வடகரை

போய் வந்தேன். தெருவில் எட்டுப் பேரையும் கூப்பிட்டேன், மூன்று பேர் வந்தோம். கேள்வியை நான் கேட்கவில்லை, அந்த அம்மா கேட்டார். தாளில் எழுதிக் கொண்டுவந்ததை அப்படியே வாசித்தார், கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. நிதி அலுவலர் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

நேற்றுக் கடிதம் வந்தது. வண்டியைப் பொது நிதிக்கு மாற்றிவிட்டார்களாம். ஸ்கேனர் அப்படியே இருக்கிறது. சிறையில் எல்லோருக்கும் மருந்துச் சிகிச்சை "பரிசீலனையில்".

கணக்குப்பிள்ளை

ஒரு கேள்விக்கு வண்டியே நகர்ந்திருக்கிறது, குறைத்துச் சொல்லாதீர்கள். நிதியாண்டு ஜூன் 30 முடிகிறது, அதிலிருந்து 90 நாளுக்குள் கவுண்டி செலவு அறிக்கை கொடுத்தாக வேண்டும். "பரிசீலனை" எதில் போய் நின்றது என்று அதில் தெரியும்.

வடகரை

செப்டம்பர் 28 வருகிறது. நாட்காட்டியில் குறித்துவிட்டேன். அந்த அம்மா தன் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

ஸ்காபரோ சிவா

தம்பி, அந்தக் கிடங்கு என்ன ஆனது?

வடகரை

அனுமதி கொடுத்துவிட்டார்கள் அண்ணா. புல்டோசர் திங்கட்கிழமை வருகிறது.